ஆடுவதா, போடுவதா, போவதா

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன். பையன் என்றால், என் மகளைவிட இரண்டொரு வயது கூடவே இருக்கலாம். எனக்கு ஆகிவிட்ட வயதில் எல்லோரும் பையன்களாகத்தான் தெரிகிறார்கள். மூக்கின் மேல் ராகி மாவைத் தூவிவிட்டதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது அவனுக்கு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவி கலாமணியும். எங்களுக்குப் பின்னால், விசா கேட்டு வந்த பாதித் தமிழ்நாடு.

எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் சீட்டுக்கட்டைத் தட்டுவதுபோலத் தட்டி ஒன்றாக்கினான். கலாமணியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் மனைவி என்ன விளையாட்டு விளையாடுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். மாதக்கணக்கில் அந்த ஒரு பதிலை மென்று, கடைந்து, தூக்கத்தில்கூட முணுமுணுத்து வந்தவன் நான். ஆனால் வாயைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. ஷட்டரை இழுத்து மூடிய கடைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியுமே ஒரு வெற்று இருட்டு, அதுதான் இருந்தது.

ஏசி காற்று முழங்காலைத் தொட்டது. நெற்றியில் மட்டும் வேர்த்தது. கலாமணியின் புதுச் சேலையிலிருந்து கஞ்சி வாசம் வந்தது. பக்கத்து ஜன்னலில் யாரோ ஒரு காகிதத்தின் மேல் முத்திரை குத்தினார்கள். தொப்.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு என் மனசு சென்னையிலிருந்து கிளம்பி, கோயமுத்தூர் வந்து சேர்ந்துவிட்டது. உடம்பு மட்டும் கண்ணாடி முன்னால் நின்றது.

தொப்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறீர்கள் என்றால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. காந்திபுரத்தில், டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு ஒரு நைட்டிக் கடை. நான் வாசலில் நின்று பேசுவேன். கலாமணி உள்ளே நின்று வியாபாரம் செய்வாள். இதுதான் தொடரின் முழுக் கதை. மற்றதெல்லாம் கிளைக்கதை.

கடைக்கு அகலம் கம்மி, உயரம் எச்சு. சரக்கெல்லாம் பரணில் இருக்கும். ஏணி ஏறினால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் கலாமணி கீழே நின்றபடியே நைட்டி மூட்டையை ஒரே தள்ளில் பரணுக்கு அனுப்பிவிடுவாள். அதற்கு முன்னால் போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வாள். ஒரு கை மூட்டைக்கு, ஒரு கை சேலைக்கு, கழுத்து போனில் இருக்கும் வெள்ளகோவில் சித்திக்கு. கல்யாணமான புதிதில் இருந்து இந்தக் காட்சியைப் பார்த்து வருகிறேன். இது ஒரு விளையாட்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நமக்கு வேலை மிச்சம் என்றுதான் தோன்றியது.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். ரேஸ்கோர்ஸில் நடக்கும்போது பழக்கமான ஒரு பெண்மணி, வாங்க என்று ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே நாற்பது, ஐம்பது, அறுபது வயதுக்காரப் பெண்கள் ஓடிக்கொண்டும் தாண்டிக்கொண்டும் இருந்தார்களாம். ஒரு ஓரத்தில் இரும்புக் குண்டு ஒன்று சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற பொருளைக் கண்டால் எடுத்து வைப்பது கலாமணியின் சுபாவம். எடுத்தாள். கழுத்தில், போன் இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டாள். பரண் இருக்கும் திசையை மனசில் நினைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. ஆனால் அதற்கப்புறம் எத்தனையோ காலைகளில் ஸ்கூட்டரில் கூட்டிப் போய், தேநீர்க் குவளையோடு படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பனி இன்னும் விலகாமல் மைதானத்துக்கு மேல் நிற்கும். அந்தப் பனிக்குள் ஒரு உருவம் குனியும், சுழலும், நிமிரும். குண்டு போவது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் கழித்து மண்ணில் விழும் சத்தம் மட்டும் வரும். தொப்.

எனக்கு அந்த இடைவெளி பிடிக்கும். கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் எங்கேயும் வந்து சேரவில்லை. அந்த நேரத்துக்கு உலகத்தில் ஒரு கவலையும் கிடையாது. தேநீர்கூட அப்போது ஆறாது என்று நினைக்கிறேன்.

ஜில்லாவில் ஜெயித்தாள். வெளி மாநிலம் போய் ஜெயித்தாள். கடைசியில், கடல் தாண்டி ஒரு நாட்டில் மூத்தோருக்கான போட்டி, அதற்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். எந்த நாடு என்று எழுதமாட்டேன். மறுபடியும் அவர்கள் ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்க வேண்டி வந்தாலும் வரும்.

அதுவரை குருவாயூரைத் தாண்டிக் கும்பிடப் போகாதவள், அந்தக் கடிதத்தைக் கடைக் கண்ணாடியில் செருகி வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள். நைட்டி வாங்க வந்தவர்கள் வாழ்த்திவிட்டு நைட்டி வாங்காமல் போனார்கள். அவள் கவலைப்படவில்லை. எதற்காகவும் இப்படி ஆசைப்பட்டு நான் அவளைப் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொள்ளக்கூட இத்தனை ஆசைப்படவில்லை.

மூன்று அலமாரிகள்

டிராவல்ஸ் தம்பி விவரம் சொன்னார். புருசன் பொண்டாட்டி இரண்டு பேரும் போகலாம். விண்ணப்பத்தில், எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேட்கிற இடத்தில் தமிழ் என்று போட்டால் மொழிபெயர்ப்புக்கு ஒரு ஆள் வருவார்.

நான் ஆங்கிலம் என்று போடச் சொன்னேன்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த டிராவல்ஸ் ஆபீசில் ஏசி இருந்தது, சுழல் நாற்காலி இருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் உட்கார்ந்தால் எனக்குள் வேறு ஒருவன் வந்து உட்கார்ந்துவிடுவான். எழுந்து வெளியே வெயிலுக்கு வந்ததும் அவன் போய்விட்டான். பயம் மட்டும் என்னோடு பஸ் ஏறியது.

அந்தப் பயம்தான் என்னை ஒரு லாட்ஜின் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. படியெல்லாம் பினாயில் வாசம். ஜன்னல் வழியாக பஸ் ஹார்ன். மாணவர்கள் எல்லாம் வேலைக்குப் போகக் காத்திருக்கும் இளசுகள். ஆசிரியை ஸ்டெல்லா மிஸ். அவருக்கும் முப்பது தாண்டியிருக்காது. வழுக்கையோடு உள்ளே நுழைந்த என்னைக் கண்டதும் கட்டிட ஓனர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்.

அவரிடம் என் தேவையைச் சொன்னேன். ஒரு மனுசி விளையாடுவதைப் பற்றி ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் பலகையில் மூன்று கட்டம் போட்டார். பந்தோ எதிராளியோ இருந்தால் பிளே. 'இங்' என்று முடிகிற ஆட்டமாக இருந்தால், அதற்காக நாம் ஓரிடத்துக்குப் போவதாகக் கணக்கு, ஆகவே கோ. இரண்டிலும் அடங்காத யோகா, கராத்தே வகையறா எல்லாம் டூ.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது நம் கடை மாதிரி அல்லவா இருக்கிறது. காட்டன் ஒரு அலமாரி, நைலான் ஒரு அலமாரி, மிச்சம் மீதி ஒரு அலமாரி. அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் பிரித்து அடுக்கினேன். கிரிக்கெட்டா, பிளே. கபடியா, அதுவும் பிளே. சைக்கிளிங்கா, கோ. வாக்கிங் போய்விட்டு வேர்வையோடு வந்த பாத்திரக் கடைக்காரரிடம், நீங்க கோவா டூவா என்று கேட்டேன். அவர் நைட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில், அப்போ குண்டு எறிதல் எந்த அலமாரிங்க மிஸ் என்றேன்.

ஸ்டெல்லா மிஸ் யோசித்தார். போனை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்.

"அண்ணா, இதுக்குத் தனி வெர்ப்புங்க. புட். ஷீ புட்ஸ் த ஷாட். நானே இன்னிக்குத்தான் பார்க்கறேன். இது தேவைப்படற வீட்டை நான் பார்த்ததே இல்லீங்கண்ணா."

மூன்று அலமாரியிலும் இடமில்லாமல், நடுக்கடையில் ஒற்றையாக நின்றது அந்த வார்த்தை. போதாததற்கு அன்று பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த மகள் போனில் வந்தாள். பத்து வார்த்தைக்கு ஒரு முறை சிரித்துக்கொண்டு, அப்பாவுக்குப் புத்தி சொன்னாள்.

"அப்பா, குண்டு போடறோம்னு தமிழ்ல நினைச்சு அங்க இங்கிலீஷ்ல எதையாச்சும் சொல்லிப்போடாதீங்க. உங்க ரெண்டு பேரோட நிக்காது, பொள்ளாச்சிக்கும் ஜீப் வந்துரும்."

நீச்சலை ஏன் அடிக்கிறோம்

பயத்தில் இருப்பவன் அடுத்தவரைப் பயமுறுத்திப் பார்ப்பான். நானும் பார்த்தேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், ஸ்டெல்லா மிஸ்ஸிடம், உங்க அலமாரியெல்லாம் இருக்கட்டும், நம்ம தமிழைச் சொல்லுங்க பார்க்கலாம் என்றேன். நாம ஏனுங்க நீச்சலை அடிக்கறோம்? அது நம்மை என்ன பண்ணுச்சு?

அவர் சிரித்தார். நான் விடவில்லை. பம்பரத்தை விடுகிறோம். பட்டத்தையும் விடுகிறோம். சிலம்பத்தைச் சுற்றுகிறோம். தண்டால் எடுக்கிறோம், குஸ்தி போடுகிறோம், சைக்கிளை மிதிக்கிறோம். ரேக்ளா வண்டியை ஓட்டுகிறோம், சடுகுடுவைப் பாடிக்கொண்டே ஆடுகிறோம். இதையெல்லாம் யார் நமக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தார்கள்? பம்பரத்தை அடித்தேன் என்றோ நீச்சலை விட்டேன் என்றோ ஒரு சின்னப் பிள்ளைகூடத் தப்பிச் சொல்லாதே.

அவர் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே டவுன் பஸ்கள் ஒன்றையொன்று உரசாமல் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தன. தனக்குத் தானே சொல்வதுபோல, விடறது, அடிக்கறது, சுத்தறது, எடுக்கறது என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு, "எழுதிப் போட்டா போர்டு பத்தாதுங்கண்ணா" என்றார்.

அன்று பயம் கொஞ்சம் தணிந்தது. ஆனி மாதக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசத் தொடங்கியிருந்தது. மத்தியான நேரத்தில் அந்தக் காற்று வந்தால் எங்கள் கடை வாசலில் தொங்கும் நைட்டிகள் எல்லாம் உப்பிக்கொள்ளும். ஆளில்லாத பெண்கள் வரிசையாக நின்று அசைவதுபோல இருக்கும். அதைப் பார்த்தபடியே முக்காலியில் நான் கண் அசந்துவிடுவேன்.

அப்படி அசந்தபோது ஒரு கனவு வந்தது. ஸ்டெல்லா மிஸ்ஸின் வார்த்தைகள் எல்லாம் கடைக்கு நைட்டி எடுக்க வந்தன. பிளே, கல்லூரிப் பெண். பத்து நைட்டியை விரித்துப்போட்டு ஒன்றும் எடுக்காமல் போனாள். கோ, உட்காரவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு, பார்சல் கட்டுங்க என்றாள். டூ, குடும்பஸ்திரீ, வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஆகிற மாதிரி ஒன்று கேட்டாள். புட் மட்டும் உள்ளே வராமல் வாசற்படியில் நின்றாள். கனத்த உடம்பு, கூச்சம். எனக்கு அளவு இருக்குங்களா என்று மெல்லக் கேட்டாள்.

உள்ளே இருந்து கலாமணியின் குரல் வந்தது. "உள்ள வாங்க அம்மணி. உங்களுக்கு இல்லாத சைஸா?"

விழித்துப் பார்த்தால் நிஜமாகவே ஒரு பருமனான அம்மா உள்ளே ஏறிக்கொண்டிருந்தார்.

ஒரு டம்ளர் தண்ணீர்

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வெளியே கிளம்பும்போது போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். இது ஊருக்கே உள்ளதுதான். ஆனால் கலாமணி இதில் போலீஸ். வாய் தவறிப் போறேன் என்று சொல்லிவிட்டால், தெருமுனைக்குப் போயிருந்தாலும் திரும்ப வர வேண்டும். உட்கார வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். எழுந்து, வாரேன் என்று சொல்லி, புதிதாகக் கிளம்ப வேண்டும். ஒருமுறை இதனால் நான் திருச்சி ரயிலை விட்டிருக்கிறேன். ரயில் போனா போகுதுங், நீங்க போறேன்னு சொல்லக்கூடாதுங் என்றாள். அதற்கு என்ன காரணம் என்று நான் கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதும் குடித்தனத்தில் சேர்த்திதான்.

இந்தப் பழக்கம் எனக்கு ஆங்கில வகுப்பில் வினையாகிவிட்டது. ஐ கோ ஸ்விம்மிங் என்று சொல்லுங்கள் என்பார் மிஸ். ஐ கோ ஸ்விம்மிங் அண்ட் கம் என்பேன். ஐ கோ சைக்கிளிங். ஐ கோ சைக்கிளிங் அண்ட் கம். வாய் அதுவாகவே போய்த் திரும்பி வந்துவிடும். பிள்ளைகள் எல்லாம் மேசையில் கவிழ்ந்து சிரிப்பார்கள். மிஸ் பொறுமையாக, அந்தக் கம்மை விட்ருங்கண்ணா, கோ போதும் என்பார். மாதக்கணக்கில் முயன்று அந்த வாலை வெட்டினேன். வெட்டிய நாளில் வீட்டுக்கு வந்து சொல்லிக்காட்டியபோது கலாமணி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் டிராவல்ஸ் தம்பி இன்னொன்றும் சொல்லியிருந்தார். அங்கே அவர்கள் சந்தேகப்படுவது ஒன்றே ஒன்றுதான். போனவர்கள் திரும்பி வருவார்களா, அங்கேயே தங்கிவிடுவார்களா. இரண்டு பேரும் சேர்ந்து போகிறீர்கள், மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டீர்கள். உங்களை இங்கே இழுத்துப் பிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் காகிதம் ஒன்று வைத்திருப்பார்கள். அதைக் கையில் எடுத்தால் விசா இல்லை, பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொண்டால் விசா உண்டு என்று அர்த்தம்.

திரும்பவும் கண்ணாடி

ராகி மாவுப் பையன் பதிலுக்குக் காத்திருந்தான். நான் கோயமுத்தூரிலிருந்து திரும்பி வந்தேன்.

"சார்ங்க," என்று ஆரம்பித்தேன். அந்த 'ங்க'வை யாராலும் வெட்ட முடியவில்லை. "மை வைஃப் பிளே... கோ... டூ..."

மூன்று அலமாரியும் சேர்ந்து சரிந்தது. எந்த வார்த்தைக்காக இத்தனை பாடுபட்டேனோ, அந்தப் புட் மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

கலாமணி என்னை முழங்கையால் ஒதுக்கினாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். வலது கையைக் குவித்துக் கழுத்தில் வைத்தாள். முழங்காலை மடக்கிக் குனிந்தாள். புதுச் சேலையோடு, கஞ்சி வாசத்தோடு, ஒரு தள்ளு. பின்னால் நின்ற வரிசை மொத்தமும் ஓரடி பின்வாங்கியது. காற்றில் போன அந்தக் குண்டு எங்கே விழுந்தது என்று நான் அனிச்சையாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

பையனின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, ஷீ த்ரோஸ் ஷாட்புட்" என்றான்.

த்ரோ. எந்தக் கட்டத்திலும் இல்லாத வார்த்தை. அவன் தாய்மொழி, அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆனால் சிரிப்பு வேறு, விசா வேறு. அவன் மறுபடியும் திரையைப் பார்த்தான். கடையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டான். மூடிவிட்டு வருவோம் என்று எப்படியோ சொன்னேன். மகள் எங்கே என்றான். கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். நான் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி ஒவ்வொரு இதழாக உதிர்ந்தது. கடைசியில், நீங்கள் இருவரும் போனால் திரும்பி வருவீர்கள் என்று நான் எப்படி நம்புவது என்றான்.

கலாமணிக்கு அந்த வாக்கியத்தில் 'கோ' என்பது மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் பதறிவிட்டாள்.

"நோ சார்ங்க. நோ கோ. கோ அண்ட் கம்."

நான் அவளைத் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் அவன், அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டான். விளக்கினேன். என்னிடம் இருந்த உடைந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டிப் பெருக்கி, எங்கள் ஊரில் கோ என்று சொல்வதில்லை, சொன்னால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும், ரயிலே போனாலும் சரி என்றேன். அவன் கவனமாகக் கேட்டான். லேசாகப் புன்னகைகூடச் செய்தான். செய்துகொண்டே அவன் கை மேசைக்குக் கீழே போனது. விரல்களுக்கு நடுவில் மஞ்சள் தெரிந்தது.

அதன்பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் கலாமணியே நம்பமாட்டாள்.

"சார்ங்க," என்றேன். "ஐ நோ கோ. ஐ சிட்."

உட்கார அங்கே நாற்காலி இல்லை. ஆகவே காற்றில் உட்கார்ந்து காட்டினேன். முக்காலியில் உட்காருவது எனக்குக் கைவந்த கலை. "ஷாப் ஓபன். ஐ சிட். ஷீ கோ, ஷீ கம்."

பக்கத்தில் கலாமணி பல்லைக் கடித்தபடி, "என்ன பண்றீங்?" என்றாள்.

"பேசாம இரு அம்மணி."

பையன் என்னையே பார்த்தான். நிச்சயமாகத்தானா என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். என் தொடை நடுங்கத் தொடங்கியது, காற்றில் எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும். இன்னொரு முறை, நிஜமாகவா என்றான். மறுபடியும் ஆட்டினேன்.

மஞ்சள் காகிதம் கீழே போனது. ஜன்னலின் இடுக்கு வழியாக ஒரே ஒரு பாஸ்போர்ட் வெளியே வந்தது. என்னுடையது.

வெளியே வந்து சாலையோர வேப்பமரத்தடியில் எலுமிச்சை சோடா குடித்தோம். கலாமணி பாதிச் சோடாவைக் குடித்தாள். அப்புறம், "என்னையக் கேக்காம நீங்களா முடிவு பண்ணிப்போட்டீங்" என்றாள். கொஞ்சம் கழித்து, மிக மெல்ல, "நான் ஒருத்தியா எப்படீங்?" என்றாள்.

பறந்துதான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

தெருவில் இதைத் தியாகம் என்று சொன்னார்கள். பாத்திரக் கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளதைச் சொல்கிறேன், அதில் பாதிக்கு மேல் விமானப் பயம். ஏணியிலேயே தலை சுற்றுகிறவன் நான். மிச்சப் பாதி என்னவென்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

புறப்பாட்டு வாசல்

அங்கே போய் எவ்வளவு தூரம் போட்டாள், எத்தனையாவது வந்தாள் என்பதெல்லாம் என் வாயால் வேண்டாம். கடைக்கு வாருங்கள், அவளே சொல்லுவாள். சொல்லாமல் உங்களை வெளியே விடமாட்டாள். நான் சொல்ல வந்தது கிளம்பிய காலையைப் பற்றி.

பீளமேடு விமான நிலையம். இளவெயில். நீலநிற டிராக் சூட்டில் அத்தைகளும் பெரியம்மாக்களுமாக ஒரு கூட்டம். கலாமணியை அந்த உடுப்பில் அன்றுதான் பார்த்தேன். தலையில் மல்லிகை, காலில் ஷூ. எனக்குத் தெரிந்தவள் மாதிரியும் இருந்தது, கனவில் வாசற்படியில் நின்றவள் மாதிரியும் இருந்தது.

துப்பாக்கியோடு நின்ற வடநாட்டுக் காவலர் டிக்கெட்டைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். யாரோ கூப்பிட்டார்கள். தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. அந்த அவசரத்தில் கலாமணி என் பக்கம் பாதி திரும்பி, கையை ஆட்டி, "போறேனுங்" என்றாள்.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்ததும் கதவுக்கு ஓடினேன். எத்தனை வருசமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காவல் இருந்தவள். நான் கண்ணாடியைத் தட்டினேன். காவலர் முறைத்தார். திரும்பி வா என்று கை காட்டினேன். அவளும் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. கதவை நோக்கி வந்தாள். உள்ளே போனவர்கள் வெளியே வரக்கூடாது என்று காவலர் கையைக் குறுக்கே நீட்டினார். அவளுக்கு இந்தி வராது. அவருக்குத் தமிழ் வராது. எனக்கு அந்த நேரத்தில் எதுவுமே வரவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். காற்றில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, கட்டை விரலை வாய்க்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினேன். வழியனுப்ப வந்த கூட்டம் ஒதுங்கி நின்று பார்த்தது. எனக்குத் தாகம் என்று நினைத்த காவலர், மூலையில் இருந்த குழாயைக் காட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை.

உள்ளே கலாமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். வரிசையாகக் கிடந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அண்ணாந்து, அவசரமில்லாமல், வீட்டில் குடிப்பது போலவே குடித்தாள். மூடியைத் திருகினாள். எழுந்தாள். டிராக் சூட்டின் முனையைச் சேலைத் தலைப்பு மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். சத்தம் வரவில்லை. கண்ணாடி அவ்வளவு கனம். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

நான் தலையை ஆட்டினேன். அவள் திரும்பி நடந்து, நீலக் கூட்டத்துக்குள் கலந்து, மறைந்தாள்.

மூலைக் குழாயில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். காவலர் திருப்தியாகத் தலையசைத்தார். அவரிடம் வாரேனுங்க என்று சொல்லிவிட்டு, கடை திறக்க வந்துவிட்டேன்.